நிலைக்குழு அறிக்கை வந்துவிட்டது: துறையிடம் பதில் வாங்க எந்த வழி?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடியப்போகிற வாரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். ஏதோ ஒரு நிலைக்குழு, அதாவது அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்கள் குழு, ஏதோ ஒரு அமைச்சகத்தை வறுத்தெடுத்து அறிக்கை வைத்திருக்கும். செய்தி எழுத வேண்டும். துறையின் பதில் இல்லாமல் எழுதினால் ஒருதலைப்பட்சம் என்பார்கள். பதில் கேட்டாலோ ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுவார்கள். மத்திய அரசின் செய்திப் பிரிவான பி.ஐ.பி.க்கு மெயில் போடுவதா, தெரிந்த அதிகாரியைப் பிடிப்பதா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆர்.டி.ஐ. போடுவதா, அரசின் முறையான பதில் வரும்வரை காத்திருப்பதா, இல்லை ஒரு எம்.பி.யிடம் சொல்லி அவையிலேயே கேட்க வைப்பதா?

டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நிருபர்களுக்கு மட்டுமான சிக்கல் இல்லை இது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ சொந்தமாக யூடியூப் சேனலோ செய்தித் தளமோ நடத்துபவர்களும் இப்போது நிலைக்குழு அறிக்கைகளைப் படித்து எழுதுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் யாரிடம், எப்போது, என்ன கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

## துறை ஏற்கெனவே பேசிவிட்டது

வழிகளுக்குப் போவதற்கு முன் ஒன்று. பலர் அறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கும் பகுதியை மட்டும் படித்துவிட்டு, 'இதற்கு உங்கள் பதில் என்ன?' என்று துறைக்கு மெயில் போட்டுவிடுகிறார்கள். தடித்த எழுத்தில் இருப்பது குழுவின் பரிந்துரை. சாதாரண எழுத்தில் பத்தி பத்தியாக இருப்பதில் பெரும்பகுதி துறையே சொன்னது. செயலாளர் குழுவின் முன் வந்து அளித்த சாட்சியம் அதில் இருக்கும். குழு அனுப்பிய கேள்விப் பட்டியலுக்குத் துறை எழுதிக்கொடுத்த பதில்களும் இருக்கும். துறையின் முதல் பதில் அங்கேயே கிடக்கிறது.

2018 மார்ச்சில் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கை வந்தபோது, ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழங்கால ரகம் என்ற வரி எல்லா இதழ்களிலும் தலைப்பானது. அந்த 68 குழு போட்ட கணக்கு இல்லை. ராணுவத் துணைத் தளபதியே குழுவின் முன் சொன்னது. நவீனமயத்துக்கு ஒதுக்கிய 21,338 கோடி ரூபாய், ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்குக் கட்ட வேண்டிய 29,033 கோடிக்கே காணாது என்ற கணக்கும் ராணுவத் தரப்பு சொன்னதுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சகத்திடம் 'இது உண்மையா?' என்று கேட்டால் என்ன வரும்? 'அறிக்கையைப் பரிசீலித்து வருகிறோம்' என்றுதான் வரும். 'இந்தப் பற்றாக்குறையால் எந்தெந்தக் கொள்முதல் இந்த ஆண்டு தள்ளிப்போகிறது?' என்று கேட்டால், அறிக்கையில் இல்லாத ஒன்று கிடைக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு.

துறையிடம் கருத்துக் கேட்பதற்கும் தகவல் கேட்பதற்கும் இடையில் இருக்கும் இந்த வித்தியாசம்தான் எந்த வழி சரி என்பதையும் முடிவு செய்கிறது. எந்தக் கதவு நல்ல கதவு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டியது நிலைப்பாடா, புரிதலா, காகிதமா, வாக்குறுதியா என்று முதலில் தெளிவாக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நேரம். இன்று மாலைக்குள் வேண்டுமா, மூன்று மாதம் கழித்து வந்தாலும் போதுமா?

பெயர். 'அமைச்சக வட்டாரங்கள் தெரிவித்தன' என்று எழுதுவதற்கும், 'அமைச்சகம் எழுத்துபூர்வமாகத் தெரிவித்தது' என்று எழுதுவதற்கும் நிறைய தூரம். முதலாவதை மறுநாள் யாரும் மறுத்துவிடலாம்.

ஆழம். பதிலில் புதிதாக ஏதாவது இருக்கிறதா, அல்லது ஏற்கெனவே வெளியான செய்திக்குறிப்பின் மூன்றாவது பத்தியா?

பின்விளைவு. அந்தப் பதிலுக்கு அரசு பிறகு யாரிடமாவது கணக்குச் சொல்ல வேண்டியிருக்குமா? பத்திரிகைக்குச் சொன்னதற்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

சட்டச் சிக்கல். இது பலருக்கும் தெரியாத இடம். குழுவின் அறிக்கையும் சாட்சியமும் அவையில் வைக்கப்படும் வரை ரகசியம். அதற்கு முன் வெளியிட்டால் நாடாளுமன்றத்தின் உரிமையை மீறியதாக, அதாவது உரிமை மீறல் பிரச்சினை எழலாம். அவை கூடாத நாட்களில் குழுத் தலைவர் சபாநாயகரிடமோ மாநிலங்களவைத் தலைவரிடமோ அறிக்கையைக் கொடுத்து, அவர் அனுமதியுடன் வெளியிடும் வழக்கமும் உண்டு. வரைவு அறிக்கையை நம்பி இறங்கினால் உரிமை மீறல் தவிர இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அது கடைசியில் அறிக்கையாகவே ஆகாமல் போகலாம். 2011 ஏப்ரலில் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழுவின் (அரசின் செலவுக் கணக்கை ஆராயும் நாடாளுமன்றக் குழு) 2ஜி அலைக்கற்றை வரைவு அறிக்கை கசிந்தது. குழு உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் அதை நிராகரித்தார்கள். ஜோஷி அதை சபாநாயகர் மீரா குமாரிடம் கொடுத்தும், அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இப்படிப்பட்ட வரைவைப் பற்றித் துறையிடம் கேட்டால் 'கருத்துச் சொல்வதற்கில்லை' என்பார்கள். அந்த இடத்தில் அவர்கள் சொல்வது நியாயமும்கூட.

| வழி | ஆகும் நேரம் | பெயருடன் வருமா | கிடைப்பது | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| பி.ஐ.பி. | சில மணி முதல் சில நாள் | வரும் | நிலைப்பாடு | மெருகேற்றிய வெறும் வாக்கியம் |
| அதிகாரியிடம் நேரடியாக | அதே நாள் | பெரும்பாலும் வராது | புரிதல், பின்னணி | கடன்பட்ட உறவு. மறுப்பு வரும் ஆபத்து |
| ஆர்.டி.ஐ. | 30 நாள். மேல்முறையீடானால் மிக அதிகம் | அலுவலரின் கையெழுத்துடன் | காகிதம் | செய்தியின் சூடு ஆறிப்போகும் |
| நடவடிக்கை அறிக்கை (பரிந்துரைகள் மீது அரசு என்ன செய்தது என்று குழு எழுதும் அடுத்த அறிக்கை) | 3 மாதத்துக்கு மேல் | அரசின் முறையான பதில் | ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதில் | பொறுமை. வாசகர் மறந்துவிடுவார் |
| எம்.பி. கேள்வி | அடுத்த கூட்டத்தொடர் | அமைச்சர் பெயரில் | வாக்குறுதி | கேள்வி உங்கள் கையை விட்டுப் போய்விடும் |

## பி.ஐ.பி. வழி

பத்திரிகைத் தகவல் அலுவலகம், அதாவது பி.ஐ.பி., செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் அங்கிருந்து அதிகாரிகள் ஒதுக்கப்பட்டிருப்பார்கள். சிலருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அமைச்சகங்கள்கூட இருக்கும். வெளியுறவு அமைச்சகம் போன்ற சில இடங்களில் தனிச் செய்தித் தொடர்பாளரும் வாராந்தரச் சந்திப்பும் உண்டு. மற்ற இடங்களில் முறையான வாசல் என்றால் இதுதான்.

உங்கள் மெயில் அங்கே போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தாமதத்தின் காரணம் விளங்கும். பி.ஐ.பி. அதிகாரிக்கு அந்தப் பொருளில் பதில் தெரியாது. தெரிந்தாலும் தானாகச் சொல்ல முடியாது. அவர் அதை அமைச்சகத்துக்கு அனுப்புவார். அங்கே அந்தப் பொருளைக் கவனிக்கும் பிரிவு, அதன் சார்புச் செயலாளர், இயக்குநர், இணைச் செயலாளர் என்று அது மேலே ஏற வேண்டும். நாடாளுமன்றம் தொடர்பான விஷயம் என்பதால் செயலாளர் வரைக்கும், சில நேரம் அமைச்சர் அலுவலகம் வரைக்கும் போகும். இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் உதிர்ந்திருக்கும். கடைசியில் உங்கள் கைக்கு வருவது: 'குழுவின் பரிந்துரைகள் பரிசீலனையில் உள்ளன. உரிய காலத்தில் குழுவுக்குப் பதில் அளிக்கப்படும்.'

இதைக் கண்டு எரிச்சல்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. துறை குழுவுக்குத்தான் முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டது. குழுவுக்கு எழுதுவதற்கு முன் பத்திரிகையில் விளக்கம் கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் செயலாளரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். அந்த அச்சம் பொய்யானது அல்ல.

ஆனால் 'அறிக்கையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை' என்று யாராவது சொன்னால் அதை அப்படியே விழுங்க வேண்டாம். மக்களவைக் குழுக்களின் அறிக்கைகளில் கடைசியாக இணைத்திருக்கும் கூட்டக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். அறிக்கையை ஏற்றுக்கொண்ட குழு, சம்பந்தப்பட்ட அமைச்சகம் தகவல்களைச் சரிபார்த்துத் தந்த பிறகு இறுதி வடிவம் கொடுக்கும்படி தலைவருக்கு அதிகாரம் அளித்ததாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் எண்களும் விவரங்களும் அமைச்சகத்தின் மேசைக்கு ஏற்கெனவே போய்வந்தவை. அந்த வரியைப் பக்க எண்ணுடன் மெயிலில் குறிப்பிட்டுக் கேட்டால் பதிலின் தொனி மாறும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, பதில் வந்துவிட்ட திருப்தி. நான்கு வரி வந்ததும் அதைச் செய்தியின் அடியில் ஒட்டிவிட்டு 'இரு தரப்பும் சொல்லிவிட்டோம்' என்று நகர்ந்துவிடுகிறோம். அந்த நான்கு வரி கேள்விக்குப் பதிலா என்று பார்ப்பதில்லை.

அன்றைக்கே செய்தி போக வேண்டும், துறையின் நிலைப்பாடு பெயருடன் வேண்டும், கேட்டதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. சென்னை பி.ஐ.பி. அலுவலகம் தமிழில் செய்திக்குறிப்புகளைத் தருகிறது. டெல்லி அமைச்சகத்தைப் பற்றிய கேள்வியை அங்கே கேட்டால் டெல்லிக்குத்தான் தள்ளுவார்கள் என்பதால், மெயிலை நேரே அந்த அமைச்சகத்துக்கான டெல்லி அதிகாரிக்கு அனுப்பி, சென்னைக்கு ஒரு நகல் போடுவது மேல்.

## அதிகாரியை நேரடியாகப் பிடிப்பது

நிலைக்குழுவின் கேள்விப் பட்டியலுக்கு உண்மையில் பதில் எழுதியவர் யார்? செயலாளர் இல்லை. பிரிவு அலுவலரும் சார்புச் செயலாளரும் இரவு பத்து மணிக்குப் புள்ளிவிவரம் திரட்டி எழுதியிருப்பார்கள், இயக்குநர் திருத்தியிருப்பார். அறிக்கையில் எந்த வரி துறையைக் குத்துகிறது, எது குழு தவறாகப் புரிந்துகொண்டது, எது நிதி அமைச்சகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அவர்களால் பேச முடியுமா? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964இல் வந்தவை. அவற்றின் 11ஆம் விதி, அனுமதியில்லாமல் அலுவல் தகவலை வெளியே தருவதைத் தடுக்கிறது. 9ஆம் விதி அரசின் கொள்கையை விமர்சிப்பதைத் தடுக்கிறது. மத்திய தலைமைச் செயலக நடைமுறையின்படி பத்திரிகையிடம் பேச அமைச்சர், செயலாளர், சிறப்பாக அனுமதி பெற்ற அதிகாரிகள் ஆகியோருக்குத்தான் இடம். ஆகவே சார்புச் செயலாளர் உங்களிடம் பெயருடன் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பேசினால் அவருக்குத்தான் சிக்கல்.

அப்படியானால் எதற்கு இந்த வழி? புரிந்துகொள்வதற்கு. 'ஒதுக்கிய பணத்தில் பாதிதான் செலவாகியிருக்கிறது' என்று அறிக்கை சொல்கிறது என்று வையுங்கள். துறை தூங்கிவிட்டதா, மாநிலங்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பாததால் அடுத்த தவணை நின்றதா, ஆண்டுக் கடைசியில் திருத்த மதிப்பீட்டில் நிதியே வெட்டப்பட்டதா? மூன்றும் வேறு வேறு செய்திகள். எது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியவர் அந்த நாற்காலியில் இருக்கிறார். கேட்டு, அப்புறம் அதற்கான ஆவணத்தைத் தேடிப் பிடித்து, ஆவணத்தை மேற்கோள் காட்டி எழுதலாம். அவரை மேற்கோள் காட்டத் தேவையே இருக்காது.

செலவு? நிறைய. துறை தனக்குச் சாதகமான கதையைப் பெயரில்லாமல் பரப்ப இதுவே வசதியான வழி. அறிக்கை வந்த அன்று மாலை நான்கைந்து ஊடகங்களில் ஒரே மாதிரியான 'அதிகாரிகள் கூறினர்' வரி வந்தால், யாரோ ஒருவர் வரிசையாக எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த வரிக்கு யாரும் பொறுப்பில்லை. நாளை குழு 'அப்படிச் சொன்னது யார்?' என்று கேட்டால் துறை கைகழுவிவிடும், மாட்டிக்கொள்வது நீங்கள். இன்னொன்று, உதவி செய்த அதிகாரிக்கு அடுத்த முறை நீங்கள் கொஞ்சம் மென்மையாக எழுதுவீர்கள். எழுதமாட்டேன் என்று எல்லோரும்தான் சொல்கிறோம்.

குழுவில் இருக்கும் எம்.பி.க்களிடம் பேசுவதும் இதே வகைதான். வெளியான அறிக்கையைப் பற்றி அவர்கள் தாராளமாகப் பேசலாம். கூட்டத்துக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பது வேறு. அங்கே உரிமை மீறல் கோடு இருக்கிறது.

## ஆர்.டி.ஐ.

பத்து ரூபாய்க் கட்டணம், இணையதளத்திலேயே விண்ணப்பம், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கேட்க எளிது. ஆனால் நிலைக்குழு அறிக்கை விஷயத்தில் பாதி ஆர்.டி.ஐ.க்கள் வீணாவதற்குக் காரணம் கேள்வியை அமைக்கும் விதம்.

'குழுவின் பரிந்துரையை ஏன் ஏற்கவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. துறையிடம் இருக்கிற பதிவைத்தான் தர வேண்டும், இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால், 'இன்ன நிலைக்குழுவின் இன்ன எண் அறிக்கை, இன்ன எண் பரிந்துரை தொடர்பாக அமைச்சகத்தில் உள்ள கோப்பின் குறிப்புப் பக்கங்கள், கடிதப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்றாவது எழுத வேண்டும்.

மறுப்பதற்குத் தயாராக இருக்கும் பிரிவு 8(1)(சி): நாடாளுமன்றத்தின் உரிமையை மீறும் தகவலைத் தர வேண்டியதில்லை. அரசு குழுவுக்கு அனுப்பிய பதில் இன்னும் அவைக்கு வராத நிலையில் கேட்டால் இதைக் காட்டித் தள்ளிவிட இடம் உண்டு. அமைச்சரவைக் குறிப்பு சம்பந்தப்பட்டிருந்தால் 8(1)(ஐ) என்பார்கள். ஆகவே நேரம் பார்த்துப் போட வேண்டும். அரசின் பதிலும் குழுவின் நடவடிக்கை அறிக்கையும் அவையில் வைக்கப்பட்ட பிறகு கேட்டால், முதல் காரணத்தின் பலம் குறைந்துவிடும்.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதிகபட்சம் 45. அதற்குப் பிறகு மத்தியத் தகவல் ஆணையம் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அறிக்கை வந்த வாரத்துச் செய்திக்கு இது உதவவே உதவாது. ஒரு பரிந்துரையைத் துறைக்குள் யார் எதிர்த்தார், எந்தத் தேதியில் நிதிப் பிரிவு திருப்பி அனுப்பியது என்று ஆதாரத்தோடு எழுத வேண்டுமா? அதற்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது.

## நடவடிக்கை அறிக்கைக்காகக் காத்திருப்பது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

துறை சார்ந்த நிலைக்குழுக்கள் மொத்தம் 24. அவற்றில் 16 மக்களவைச் செயலகத்தின் கீழும் 8 மாநிலங்களவைச் செயலகத்தின் கீழும் இயங்குகின்றன. அறிக்கை வந்து மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் என்ன செய்தோம் என்று அமைச்சகம் குழுவுக்கு எழுத வேண்டும். பொதுக் கணக்குக் குழுவுக்கு ஆறு மாதம். அந்தப் பதில்களை எடுத்துவைத்துக் குழு இன்னொரு அறிக்கை எழுதும். அதுதான் நடவடிக்கை அறிக்கை.

அதில் பதில்களை நான்கு கூடையில் போட்டிருப்பார்கள்: அரசு ஏற்றுக்கொண்டவை, அரசின் பதிலைப் பார்த்தபின் குழு தொடர விரும்பாதவை, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, இறுதிப் பதில் இன்னும் வராதவை. மூன்றாவது கூடையிலிருந்து தொடங்குங்கள். அமைச்சகம் எழுதிய பதில் வரிக்கு வரி அங்கே இருக்கும். அதன் மேல் குழு என்ன சொல்கிறது என்பது முதல் அத்தியாயத்தில் இருக்கும். நீங்கள் பி.ஐ.பி.யிடம் கேட்டுக் கிடைக்காத பதில் இதுதான், அதுவும் குழுவின் குறுக்கு விசாரணையோடு.

முதல் கூடையையும் முழுசாக நம்ப வேண்டாம். 'ஏற்கப்பட்டது' என்ற தலைப்பின் கீழ் போய்ப் பார்த்தால், அமைச்சகம் எழுதியிருப்பது 'பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது' என்ற ஒரே வரியாக இருக்கும். கவனத்தில் கொண்டதற்கும் செய்ததற்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை எழுதினாலே ஒரு நல்ல செய்தி. 'எத்தனை சதவீதப் பரிந்துரைகள் ஏற்கப்பட்டன' என்ற அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதை மட்டும் எடுத்துத் தலைப்புப் போடுபவர்கள் இந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதற்கு மேல், 2004இல் மக்களவை சபாநாயகர் சேர்த்த 73ஏ வழிகாட்டுதலின்படி, தன் அமைச்சகம் தொடர்பான அறிக்கைகளின் பரிந்துரைகள் எந்த அளவுக்கு நிறைவேறின என்று அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவையில் அறிக்கை தர வேண்டும். சத்தமில்லாமல் மேசையில் வைக்கப்படும் காகிதம் அது.

பிரிட்டனில் அரசு இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது மரபு. அங்கே குழு அறிக்கைகளே வெளியாகும் நேரத்துக்கு முன்பாகவே, அந்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்ற தடையுடன், செய்தியாளர்கள் கைக்குப் போய்விடும். துறையும் முதல்நாளே தன் பதில் வரியைத் தயாரித்து வைத்திருக்கும். நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லாததால், மார்ச்சில் மானியக் கோரிக்கை அறிக்கைகள் (துறைகளின் பட்ஜெட் ஒதுக்கீடு பற்றியவை) கட்டுக்கட்டாக வந்து விழும் நாட்களில் நிருபரும் திணறுகிறார், பி.ஐ.பி. அதிகாரியும் திணறுகிறார்.

காத்திருப்பதன் செலவு வெளிப்படையானது. மூன்று மாதம் என்பது நடைமுறையில் நீளும். அதைக் குழு பரிசீலித்து அறிக்கை எழுதி, அவை கூடும்போது வைப்பதற்குள் ஒரு வருடம்கூட ஆகலாம். மக்களவை கலைந்து குழு மாறினால் இன்னும் தாமதம். அதற்குள் ஆசிரியருக்கும் வாசகருக்கும் ஆர்வம் போயிருக்கும். அறிக்கை வந்த அன்றே மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நாட்காட்டியில் குறித்து வைப்பவருக்கு மட்டுமே இது வேலைக்காகும்.

## எம்.பி. மூலம் அவையில் கேட்க வைப்பது

குழுவின் பரிசீலனையில் இருக்கும் விஷயத்தைப் பற்றி அவையில் பொதுவாகக் கேள்வி கேட்க முடியாது. அறிக்கை வைக்கப்பட்ட பிறகுதான் இந்த வழி. மக்களவையில் 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், வந்த கேள்விகளில் முன்னுரிமை பார்க்கக் குலுக்கல் உண்டு. எழுத்துபூர்வமான பதில் போதும் என்றால் நட்சத்திரக் குறியில்லாத கேள்வியே நல்லது. ஒரு நாளைக்கு 230 வரை இடம் பெறும்.

இதன் பலம் இதுதான்: 'பரிசீலனையில் உள்ளது' என்று பி.ஐ.பி. உங்களுக்கு எழுதினால் அது வெறும் வரி. அதையே அமைச்சர் அவையில் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். உறுதிமொழிக் குழு ஒன்று அதைப் பின்தொடரும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. அதனால்தான் அவைக்கு எழுதும் பதிலில் அதிகாரிகள் ஒவ்வொரு சொல்லையும் அளந்து போடுகிறார்கள்.

அப்படி அளந்து எழுதுவதன் ஆபத்தையும் பாருங்கள். 2020 நவம்பரில் ராம்கோபால் யாதவ் தலைமையிலான சுகாதார நிலைக்குழு, கொரோனா மேலாண்மை பற்றிய தன் 123ஆவது அறிக்கையை மாநிலங்களவைத் தலைவர் வெங்கையா நாயுடுவிடம் கொடுத்தது. ஆக்சிஜன் சிலிண்டர் தட்டுப்பாடில்லாமலும் கட்டுப்படியாகும் விலையிலும் கிடைக்க, விலைக்கு உச்சவரம்பு வைக்கச் சொன்னது. ஐந்து மாதத்தில் இரண்டாம் அலை வந்தது. மருத்துவமனை வாசல்களில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் கேள்வி வந்தபோது, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்களோ யூனியன் பிரதேசங்களோ குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரத் துறை பதில் தந்தது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலம் சொன்னதைத்தான் நாங்கள் தொகுக்கிறோம் என்பது அதன் அடிப்படை. யாரும் சாகவில்லை என்று அந்தப் பதில் சொல்லவில்லை. அப்படி யாரும் எழுதி அனுப்பவில்லை என்றுதான் சொன்னது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே நிலைக்குழு 137ஆவது அறிக்கையில், அமைச்சகம் இந்த மரணங்களை மறுத்தது ஏமாற்றமளிக்கிறது என்று பதிவு செய்து, மாநிலங்களோடு சேர்ந்து தணிக்கை செய்யச் சொன்னது.

இதிலிருந்து கேள்வி அமைப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது: 'எத்தனை பேர் இறந்தார்கள்?' என்பதற்கு மேற்கண்ட பதில்தான் வரும். 'மாநிலங்களிடம் எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் இந்தத் தகவல் கேட்கப்பட்டது? 123ஆவது அறிக்கையின் சிலிண்டர் விலைப் பரிந்துரை மீது எந்தத் தேதியில் நடவடிக்கை எடுக்கப்பட்டது?' என்று கேட்டிருந்தால் நழுவுவது கடினம்.

மறைமுகச் செலவு, கேள்வி உங்கள் கையை விட்டுப் போவது. எம்.பி.யின் அலுவலகம் அதைச் சுருக்கும். செயலகம் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கும். கட்சி நிறம் ஒட்டிக்கொள்ளும். பதிலும் அவருக்கு வந்த அதே நேரத்தில் எல்லோருக்கும் இணையத்தில் கிடைக்கும். பிரத்யேகச் செய்தி வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

## எனவே, யாருக்கு எது

இன்று மாலை செய்தி போக வேண்டியவர் பி.ஐ.பி.க்கு மெயில் போட்டுவிட்டு, அறிக்கைக்குள் துறை சொன்ன பதிலைத் தேடி எடுத்து, அதையே துறையின் பதிலாகப் பக்க எண்ணுடன் போடட்டும். பாதி நேரம் இதுவே போதும். வார இறுதிக் கட்டுரை எழுதுபவருக்கு அதிகாரி வழி, பெயர் போடாமல், ஆவணத்தோடு. ஒரே துறையை வருடக்கணக்கில் பின்தொடர்பவருக்கு நடவடிக்கை அறிக்கையும் ஆர்.டி.ஐ.யும் ஜோடி: முதலாவது வந்த பிறகு இரண்டாவது. தொகுதி சார்ந்த விஷயம், உள்ளூர் எம்.பி.க்கு ஆர்வம் இருக்கிறது என்றால் அவை வழி.

சின்ன தளம் நடத்துபவர், பத்திரிகையாளருக்கு அரசு தரும் அங்கீகார அட்டை இல்லாதவர் என்றால் பி.ஐ.பி. பதில் தராமல் போகலாம். அவருக்கு ஆர்.டி.ஐ.யும் நடவடிக்கை அறிக்கையும்தான் உண்மையான வழிகள். அந்த இரண்டுக்கும் யாருடைய அட்டையும் தேவையில்லை.

## மெயிலில் என்ன எழுதுவது

எந்த வழியானாலும் கேள்வி எழுத்தில் போகட்டும். அறிக்கையின் எண், அவையில் வைத்த தேதி, பத்தி எண் மூன்றும் இருக்க வேண்டும். கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து கேட்டால் எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு தேதியையோ எண்ணையோ உத்தரவையோ கேட்கட்டும். 'கருத்து' என்ற சொல் மெயிலில் எங்கேயும் வர வேண்டாம். பதில் எத்தனை மணிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள், அது மனிதத்தன்மையான நேரமாக இருக்கட்டும்: மாலை ஐந்தரைக்கு மெயில் போட்டு ஆறு மணிக்குப் பதில் கேட்டுவிட்டு, 'அமைச்சகம் பதிலளிக்கவில்லை' என்று எழுதுவது நேர்மை இல்லை.

பதில் வராவிட்டால், எப்போது என்ன கேட்டோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'மூன்று கேள்விகள் செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சலில் அனுப்பப்பட்டன; புதன் இரவு வரை பதில் இல்லை' என்ற வரி, 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்பதைவிட வாசகருக்கு அதிகம் சொல்கிறது. பிறகு பதில் வந்தால் பழைய செய்தியிலேயே தேதியுடன் சேர்த்துவிடுங்கள், துறை சொன்னதை வெட்டாமல்.